டோட்டா 2: எல்லாம் இலவசம், தொல்லையும் அங்கிருந்துதான்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேலாக ஆடுகிறேன், ஐந்துக்கு ஐந்து பேர் ஆன்லைனில் மோதும் டோட்டா 2 கேமில் ஜெயிப்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டி வந்ததில்லை. இதே வகை ஆட்டமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஆடுவதற்குப் புது ஆள் வேண்டுமென்றால் ஆடிச் சேர்க்கணும், இல்லையென்றால் காசு கொடுக்கணும். இங்கே அந்த ஆளுக்கு ஹீரோ என்று பெயர், எந்த ஹீரோவும் விற்பனைக்கு இல்லை. கடையில் இருப்பதெல்லாம் உடுப்பு, கத்தியின் பளபளப்பு, அறிவிப்பாளர் குரல். மாதச் சந்தா ஒன்று உண்டு, அதில் சில குறிப்புகளும் புள்ளிவிவரமும் வரும். அடியின் பலம் அதிகமாகாது. பத்தாயிரம் ரூபாய்க்கு உடுப்பு வாங்கியவனும் நானும் களத்தில் ஒன்றுதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்த உடுப்புக் காசு சின்னதும் இல்லை. 2013-லிருந்து பல வருடம், ரசிகர்கள் உடுப்பு மாதிரிப் பொருட்களுக்காக வாங்கும் காம்பெண்டியம், பேட்டில் பாஸ் என்ற சீட்டுகளின் விற்பனையில் கால் பங்கு ‘தி இன்டர்நேஷனல்’ என்ற டோட்டா 2 உலகப் போட்டியின் பரிசுத்தொகைக்குப் போனது. 2021-இல் அது 4 கோடி டாலரைத் தாண்டியது. ஆட்டத்துக்கு விலையே வைக்காமல் இவ்வளவு காசு.

திருட்டு நகல் என்ற பேச்சும் அதோடு முடிந்தது. இதன் மூத்த வடிவம், 2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3 கேமுக்குள் ரசிகர்கள் செய்த ஒரு மேப், அதாவது அதற்குள்ளேயே ஓடும் இன்னொரு ஆட்டம். மேப் இலவசம், ஆனால் அதை ஓட்ட அசல் கேம் வேணும். நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்களில் யாரிடம் அசல் இருந்தது? ஒரு கிராக் பண்ணிய, அதாவது பூட்டை உடைத்த நகல், அதையே எல்லா கம்ப்யூட்டரிலும் ஏற்றி சென்டருக்குள்ளேயே லேனில் ஆட்டம். வெளியூர்க்காரனோடு ஆட ஆசைப்பட்டால் அசல் கீ கேட்காத கரீனா என்ற மென்பொருள். டோட்டா 2-இல் கிராக் பண்ண எதுவுமே இல்லை. டவுன்லோடு பண்ணும் கோப்பு எல்லாருக்கும் சும்மாவே கிடைக்கிறது, ஆட்டம் ஓடுவதோ அவர்கள் சர்வரில். பூட்டுப் போடாமலே திருட்டை ஒழித்த வழி இது. திருட்டு நகல் என்பது பெரும்பாலும் விலைப் பிரச்சினை இல்லை, சேவைப் பிரச்சினை என்று வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2011 வாக்கில் சொன்னார். இந்த ஆட்டத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்றுதான் படுகிறது.

இனி எரிச்சல். ஒன்றே ஒன்றுதான், ஆனால் வருடக்கணக்காகத் தீராதது.

போன ஞாயிறு ரேங்க்டு மேட்ச், அதாவது ஜெயித்தால் தரம் ஏறும், தோற்றால் இறங்கும் ஆட்டம். எங்கள் டீமில் ஒருவனுக்கு மிட், அதாவது நடுப்பாதை வேணும், இன்னொருவர் முந்திக்கொண்டார். அவ்வளவுதான். ஹார்ன் ஊதியதும் நேராக எதிரி டவருக்குக் கீழே போய் நின்று செத்தான். உயிர் வந்ததும் திரும்பப் போனான். நடு நடுவே மற்ற நாலு பேர் வீட்டுப் பெண்களையும் சாட்டில் இழுத்தான். அவன் வெளியேறிவிட்டால் கொஞ்ச நேரத்தில் நாங்களும் தண்டனை இல்லாமல் போய்விடலாம். அது அவனுக்கும் தெரியும், அதனால் வெளியேறவே மாட்டான். முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். புரொஃபைலைத் திறந்தால் அக்கவுண்ட் புத்தம் புதுசு.

புகார் கொடுக்கலாம், நடவடிக்கையும் எடுக்கிறார்கள். தடை வந்தால் அவனுக்கு என்ன நட்டம்? இன்னொரு அக்கவுண்டும் இலவசம்தானே! ரேங்க்டு ஆட 2017-லிருந்து போன் நம்பர் கேட்கிறார்கள். 2023 செப்டம்பரில் 90,000 ஸ்மர்ஃப் அக்கவுண்டுகளை, அதாவது நன்றாக ஆடுபவர்கள் புது ஆள் போல் நுழைய வைத்திருக்கும் இரண்டாவது அக்கவுண்டுகளை, ஒரேயடியாகத் தூக்கினார்கள். நடத்தைக்கு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். எதையும் செய்யாமல் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் புது சிம் வாங்குவது நம்ம ஊரில் பெரிய காரியமா?

பிரவுசிங் சென்டரில் கெட்ட வார்த்தை பேசினவன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். வேணுமென்றே தோற்றால் மறுநாள் யாரும் அவனை டீமில் சேர்க்க மாட்டார்கள். சென்டர் அண்ணனே எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார். திருட்டு நகலில் ஆடிய காலத்தில் இருந்த அந்த ஒழுங்கு, எல்லாம் சட்டப்படி நடக்கும் இன்று இல்லை.

எனக்கு வேண்டியது இதுதான்: ரேங்க்டு ஆட ஒருமுறைக் கட்டணம். இதே வால்வ் தன் துப்பாக்கிச் சண்டை ஆட்டமான கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் செய்ததுதான். 2018 டிசம்பரில் அதை இலவசமாக்கினார்கள், 2021-இல் காசு கொடுத்து பிரைம் என்ற தகுதியை வாங்கினால்தான் ரேங்க்டு என்று மாற்றினார்கள். ஏமாற்றுக்காரர்கள் அதனால் ஒழிந்துவிடவில்லை, தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடைக்கும் கையை விட்டுக் காசு போகணும். காசில்லாத கல்லூரிப் பையனுக்குக் கதவு மூடிவிடுமே என்பார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் சாதாரண மேட்சுகள் இலவசமாகவே இருக்கட்டும், ரேங்க்டுக்கு மட்டும் ஐநூறு ரூபாய் என்கிறேன்.

“மச்சி, மறுபடி இன்ஸ்டால் பண்ணலாமா?” என்று பழைய சென்டர் நண்பன் ஒருவன் இந்த வாரம் கேட்டான். இத்தனை நியாயமான கடை வேறெந்த இலவச ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை. இருந்தும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். தெரிந்தவர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் சொல், ரேங்க் இல்லாமல் சீக்கிரம் முடியும் டர்போவில் ஆடலாம். தனியாக ரேங்க்டு பக்கம் போகாதே. அந்த ஐநூறு ரூபாய் அறிவிப்பு என்றைக்காவது வந்தால் அன்றைக்கே நான் கட்டிவிடுவேன், அவனுக்கும் சேர்த்து.