டாவ்கிக்கு ஒரு மணி நேரம் போதாது

மேகாலயா போகிற முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். பங்களாதேஷ் எல்லையோர ஊரான டாவ்கியில், உம்ங்கோட் ஆற்றில், தண்ணீரே இல்லாத மாதிரி படகு அந்தரத்தில் நிற்கும் படம். நிஜமா, கம்ப்யூட்டரில் செய்ததா என்று திரும்பி வந்ததிலிருந்து என்னிடம் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். நிஜம்தான், என் கண்ணால் பார்த்தேன். ஆனால் எந்த மாதம் போகிறீர்கள், எத்தனை மணிக்குப் படகு ஏறுகிறீர்கள், எங்கே ஏறுகிறீர்கள், இந்த மூன்றும் சரியாக அமைந்தால்தான் அது கிடைக்கும்.

நாங்கள் போனது டிசம்பரில். நானும் அம்மாவும். ஷில்லாங்கில் ஒரு டிராவல்ஸில் ஒரு நாள் பேக்கேஜ் எடுத்தோம்: காலையில் மௌலின்னாங் கிராமம், பக்கத்திலேயே ரிவாயில் உயிருள்ள மரவேர்களைப் பின்னி வளர்த்த வேர்ப்பாலம், மதியத்துக்கு மேல் டாவ்கி. ஷில்லாங்கிலிருந்து டாவ்கி 80 கிலோமீட்டர் சுமார்தான், ஆனால் மலைப்பாதை, அதோடு பங்களாதேஷுக்குக் கல்லும் சுண்ணாம்புக்கல்லும் ஏற்றிப்போகும் லாரிகள் எல்லைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். நாங்கள் ஆற்றங்கரையில் இறங்கியபோது மணி மூன்றரை. வடகிழக்கில் டிசம்பரில் நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும் என்பது அந்த டிராவல்ஸுக்குத் தெரியாமலா இருக்கும்? பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே நிழல் விழுந்துவிட்டது. தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் கரும்பச்சையாக, அடி தெரியாமல். டிரைவர் வேறு நாற்பத்தைந்து நிமிடத்தில் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். இவ்வளவு தூரம் அம்மாவை அழைத்து வந்து இதைக் காட்டிவிட்டுத் திரும்புவதா என்று எனக்கு மனசே ஆறவில்லை. வண்டியை அப்படியே அனுப்பிவிட்டு ராத்திரி அங்கேயே தங்குவதென்று முடிவு செய்தோம்.

அந்த முடிவுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். டாவ்கியிலிருந்து ஆற்றோடு மேலே ஏழெட்டு கிலோமீட்டர் போனால் ஷ்னோங்ப்டெங் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கரையில் கூடாரங்கள், மேலே சின்னச் சின்ன வீட்டு விடுதிகள், ஆற்றின் குறுக்கே ஒரு தொங்கு நடைபாலம். நாங்கள் தங்கியது ஒரு குடும்பம் நடத்தும் வீட்டில். எளிமையான அறை, கனமான போர்வை, வெந்நீர் கேட்டால் வாளியில் வரும். வசதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஆனால் ராத்திரி முழுக்க ஆற்றின் சத்தம் காதில் இருக்கும், அதற்கே போகலாம். சாப்பாடு: ஜாதோ என்று இறைச்சியோடு சேர்த்து வேக வைத்த சோறு, துங்தாப் என்று கருவாட்டுச் சட்னி. நம் ஊர்க் கருவாட்டுப் பிரியர்கள் அந்தச் சட்னியை ஒரு கை பார்ப்பார்கள். அம்மா சைவம், அவருக்குப் பருப்பும் சோறும் உருளைக்கிழங்கும் கிடைத்தன, குறையில்லை. கடைக்காரப் பெண்களை அங்கே 'காங்' என்று கூப்பிடுகிறார்கள், நாம் அக்கா என்பது போல. கிளம்பும்போது 'குப்ளெய்' என்று சொல்லுங்கள், நன்றி என்று அர்த்தம், அவர்கள் முகமே மாறிவிடும்.

மறுநாள் பத்து மணிக்குப் படகு. கட்டணம் படகுக்குத்தான், தலைக்கு இல்லை, அதனால் இரண்டு பேராகப் போனால் கொஞ்சம் கையைக் கடிக்கும். ஒல்லியான மரப்படகு, முனையில் உட்கார்ந்து ஒருவர் துடுப்புப் போடுகிறார், மோட்டார் கிடையாது. லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறார்கள், கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், அடி தெரிவதால் ஆழம் முழங்கால் அளவுதான் என்று கண் ஏமாந்துபோகும். கரையை விட்டு விலகி, சூரியன் மலைக்கு மேலே ஏறியதும், நடந்தது அதுதான். படகின் நிழல் எங்களுக்கு நேர் கீழே ஆற்றுத்தரையில் கூழாங்கற்கள் மேல் நகர்ந்துகொண்டே வந்தது. மீன்கள் போகின்றன, மீனின் நிழல் தனியாகப் போகிறது. அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம், குற்றாலத்தில்கூட ஓரமாகத்தான் நிற்பார். அன்றைக்குக் கையை உள்ளே விட்டு, எடுக்கவே இல்லை. அப்புறம் ஒரு தரம் மட்டும், "இவ்வளவு பேர் வந்து போயும் எப்படிடா இப்படி வச்சிருக்காங்க?" என்றார்.

ஆற்றுப்படுகை பாறையும் சரளையுமாக இருப்பது ஒரு காரணம், கோடையும் மழையும் இல்லாத மாதங்களில் வண்டல் அடித்துவர வெள்ளம் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை. கரை ஊர்க்காரர்கள் குப்பை விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள், எங்கள் படகுக்காரர் மிதந்துவந்த ஒரு பிஸ்கட் கவருக்காகப் படகைத் திருப்பினார். 2021-இல் மேலே 210 மெகாவாட் நீர்மின் அணைக்கான பொதுக் கருத்துக் கேட்பு வந்தபோது அதை நடக்கவிடாமல் தடுத்து நின்றவர்களும் இந்த ஆற்றோர கிராமத்து மக்கள்தான். அதே வருடம் நவம்பரில் மத்திய ஜல் சக்தி அமைச்சகம் இந்தப் படகுப் படத்தைப் போட்டு ஊரெல்லாம் பரப்பியது.

பிற்பகலில் டாவ்கிக்கே திரும்பி வந்து எல்லையைப் பார்த்தோம். 1932-இல் ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய தொங்குபாலத்துக்கு அடியில் ஆறு வளைந்து போகிறது, பாலத்தின் மேல் நின்று படம் எடுக்க விடமாட்டார்கள், கீழேயிருந்து எடுத்துக்கொள்ளலாம். கொஞ்ச தூரத்தில் மலை சட்டென்று முடிந்துவிடும், அதற்கப்புறம் கண்ணுக்கெட்டியவரை சமவெளி, அது பங்களாதேஷின் சில்ஹெட். அந்தப் பக்கத்து ஜாஃப்லோங் அவர்களுக்குப் பெரிய சுற்றுலா இடம். ஆற்று மணலில் சுவரும் இல்லை வேலியும் இல்லை. இரண்டு பக்கக் காவலர்கள் நிற்கிறார்கள், நடுவில் சில அடி இடைவெளி, இந்தப் பக்கம் நம் கூட்டம், அந்தப் பக்கம் அவர்கள் கூட்டம். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை, அவர்களுக்கு வார விடுமுறை, அதனால் அங்கே திருவிழாக் கூட்டம். ஒரு குட்டிப் பெண் அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள், அம்மாவும் ஆட்டினார், காவலர் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் என் ஃபோன் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தாவிவிட்டது, பங்களாதேஷ் டவரைப் பிடித்திருக்கிறது! ஆற்றைவிட இந்த இடம்தான் எனக்கு இன்னும் மனசை விட்டுப் போகாமல் இருக்கிறது. எல்லைக் கோட்டைத் தாண்டிக் காலை வைக்காதீர்கள், அதில் விளையாட்டு வேண்டாம்.

போகிறவர்களுக்கு: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் சரியான காலம், மழைக்காலத்தில் ஆறு செம்மண் நிறத்தில் புரளும், அந்தப் படத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மேலே சாலை வேலை நடந்தால் குளிர்காலத்திலும் கலங்கக்கூடும், விடுதிக்கு ஃபோன் போட்டு இன்றைக்குத் தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், அவர்கள் ஒளிக்காமல் சொல்கிறார்கள். கையில் பணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மேகாலயாவில் நிறையக் கடைகள் பூட்டியிருக்கும், ஷில்லாங்கிலேயே வாங்க வேண்டியதை வாங்கிவிடுங்கள். வயதானவர்களை அழைத்துப் போனால் ஷ்னோங்ப்டெங்கில் கரைக்கு இறங்கும் பாதை கொஞ்சம் செங்குத்து, படகுக்காரர்களிடம் சொன்னால் கைபிடித்து இறக்கிவிடுகிறார்கள், அம்மாவை அப்படித்தான் ஒரு பையன் படகு வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, காசு கொடுத்தால் வாங்காமல் ஓடிவிட்டான்.