எட்டிமான்லைன்: நேரச் சொற்களின் பூர்வீகம் தேட எவ்வளவு நம்பலாம்?

டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இந்த இணைய அகராதி, ஆங்கிலச் சொற்களின் வரலாற்றுக்கென்றே இருப்பது. படிக்கக் காசு கிடையாது. இதன் தரம் தெரிய 'நூன்' பதிவைத் திறந்தால் போதும். இன்று நண்பகல் 12 மணியைக் குறிக்கும் இந்தச் சொல், பழைய ஆங்கிலத்தில் பிற்பகல் 3 மணி. லத்தீனில் 'நோனா ஹோரா', அதாவது சூரிய உதயத்திலிருந்து ஒன்பதாம் மணி. மூன்று எப்படிப் பன்னிரண்டானது? பருவத்துக்குப் பருவம் பகலின் நீளம் மாறியதோடு, கிறிஸ்தவ மடங்களில் விரதம் அந்த ஒன்பதாம் மணி வேளையில்தான் முடிந்தது என்பதும் காரணமாக இருக்கலாமாம். பசிக்கு அவ்வளவு பலம்!

பதிவின் தொடக்கத்தில் வரும் ஆண்டைப் பலர் சொல் பிறந்த ஆண்டென்று எடுத்துக்கொள்கிறார்கள். அது, இன்று கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றின் ஆண்டு மட்டுமே. பேச்சில் முன்பே புழங்கியிருக்கலாம். நட்சத்திரக்குறி போட்ட வேர்வடிவம் எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல, மொழியியலாளர் ஒப்பிட்டு ஊகித்தது.

'செகண்ட்' என்று தேடினால் பல பதிவுகள் வரும். கால அளவு வேண்டுமென்றால் அதற்குரிய பெயர்ச்சொல் பதிவைத் திறக்க வேண்டும். கூடவே 'மினிட்' பதிவையும் படியுங்கள். மணியை 60 ஆக வகுத்த 'முதல் சிறு பகுதி' மினிட். அதை மறுபடி 60 ஆக வகுத்த 'இரண்டாம் சிறு பகுதி' செகண்ட். தனித்தனியே படித்தால் 'இரண்டாவது' ஏன் என்பது பிடிபடாது.

சொற்றொடர் தேடுவதில்தான் சிரமம். 'நிக் ஆஃப் டைம்' (சரியான கடைசி நேரம்) வேண்டுமென்றால் 'நிக்' பதிவுக்குள் போக வேண்டும்.

'டெட்லைன்' பதிவை நிதானமாகப் படிக்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஆண்டர்சன்வில் சிறையில் தாண்டினால் சுடப்படும் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பெயர். 'கெடு' என்ற பொருளோ 1920 வாக்கில் பத்திரிகை அலுவலகங்களில் வந்தது. இரண்டையும் இணைக்கும் இடத்தில் அகராதி 'ஒருவேளை' என்று போட்டிருக்கிறது. இணையத்தில் இந்தக் கதையைப் பரப்புகிறவர்கள் முதலில் விழுங்குவது அந்த ஒரு சொல்லைத்தான்.

பெரிய குறை, பதிவுக்குப் பதிவு ஆதாரம் காட்டாதது. 'சூன்' ஒரு காலத்தில் 'உடனே' என்றிருந்து 'சீக்கிரம்' என்று இளகியது. அது படிப்படியாக நடந்ததை மேற்கோளும் ஆண்டுமாகப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதிக்குத்தான் போக வேண்டும். அதற்குச் சந்தா உண்டு. சில நூலகங்கள் தம் உறுப்பினர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுகின்றன.