பலகோணத்தின் சுற்றுத் திசை: பரப்பளவைக் கேட்பதா, ஒரு முனையைக் கேட்பதா?

வரைபடத் தரவைச் சேமிக்கும் கோப்பு வடிவங்களுள் ஒன்றான ஷேப்ஃபைல், ஒரே பலகோணத்தின் வெளிவளையத்தை (வெளி எல்லைக் கோட்டை) வலஞ்சுழியாக எழுதுகிறது. அதே வகையிலான மற்றொரு வடிவமான ஜியோஜேசனின் 2016இல் வெளியான தரமோ இடஞ்சுழியாக எழுதச் சொல்கிறது. ஆகவே முனைகள் எத்திசையில் சுற்றுகின்றன என்பதை நிரல் பிழையின்றி அறிந்தாக வேண்டும்.

ஏதேனும் மூன்று அடுத்தடுத்த முனைகளை எடுத்துக் குறுக்குப் பெருக்கத்தின் (நடு முனைக்கு வரும் பக்கம் (a,b), அதிலிருந்து செல்லும் பக்கம் (c,d) எனில் ad − bc; நேர்க்குறி இடஞ்சுழி, எதிர்க்குறி வலஞ்சுழி) குறியைப் பார்த்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். குழிவான, அதாவது ஏதேனும் ஒரு முனை உள்நோக்கி மடிந்திருக்கும், பலகோணத்தில் இது பொய்த்துவிடும். (0,0), (4,0), (4,3), (2,1), (0,3) என்ற இடஞ்சுழிப் பலகோணத்தில் (2,1) என்ற குழிவு முனையில் கணக்கிட்டால் -8 கிடைக்கிறது, அதாவது வலஞ்சுழி என்ற தவறான விடை. மிகத் தாழ்ந்த முனைகளுள் வலக்கோடியில் உள்ளதைத் தேர்ந்தால் அது ஒருபோதும் குழிவு முனையாகாது: இங்கே அது (4,0), விடை +12. ஒரே ஒரு குறுக்குப் பெருக்கம் போதும் என்பது இம்முறையின் அழகு. ஆனால் அந்த முனையே அடுத்தடுத்து இருமுறை பதிவாகியிருந்தால் விடை சுழியமாகிவிடும். ஆகவே இரட்டித்த புள்ளிகளைத் தாண்டிச் செல்லும் கவனம் தேவை.

குறியுடைய பரப்பளவு முறைக்கு இத்தொல்லை இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் x₁y₂ − x₂y₁ கண்டு கூட்டினால், மேற்கண்ட பலகோணத்துக்கு 16 வருகிறது. நேர்க்குறி என்பதால் இடஞ்சுழி, அதில் பாதியான 8 பரப்பளவு. இரட்டித்த புள்ளிகள் சுழியத்தையே சேர்க்கின்றன. இதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஓரலகுச் சதுரத்தின் கீழிடது முனையை (10 கோடி, 10 கோடி) என்ற இடத்தில் வைத்து, இரட்டைத் துல்லிய மிதவைப்புள்ளி எண்களில் (நிரல்களில் வழக்கமான 64 பிட் தசம எண்களில்) கணக்கிட்டால், பெருக்கற்பலன்கள் அவை எல்லா முழு எண்களையும் துல்லியமாக வைக்கும் எல்லையான 2⁵³ஐத் தாண்டுவதால் ஒன்றின் இலக்கம் தொலைந்து, 2 வரவேண்டிய கூட்டுத்தொகை சுழியமாகிறது. முதல் முனையை எல்லா முனைகளிலிருந்தும் கழித்துவிட்டுத் தொடங்கினால் சரியான 2 கிடைக்கிறது. இந்த ஒரு வரியை யாரும் விட்டுவிடக் கூடாது.

திருப்பக் கோணங்களைக் கூட்டி +360 அல்லது -360 பாகை வருகிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. முனைதோறும் கோணம் காணும் செலவுக்கு ஈடாகக் கூடுதல் பலன் இல்லை என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நான் தேர்வது கழித்தலுடன் கூடிய பரப்பளவு முறையையே. எட்டு வடிவில் தன்னைத்தானே வெட்டும் பலகோணத்துக்கு ஒற்றைத் திசை கிடையாது. அங்கே முனை முறை ஒரு கண்ணியின் திசையை மட்டும் பார்த்துத் திடமாக விடை சொல்லிவிடும், பரப்பளவு முறையோ இரு கண்ணிகளும் சமமாக இருக்கையில் சுழியம் தந்து தரவின் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். y அச்சு கீழ்நோக்கி வளரும் திரை ஆயங்களில் மட்டும், எம்முறையாயினும் குறியைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்.