பி.இ. மெக்கானிக்கல், தனியார் கல்லூரி: காசுக்கு வொர்த்தா?

அரசு கவுன்சலிங் வழியாக வருகிற சீட்டின் கட்டணத்தில், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் கிடைத்தால் ஐந்துக்கு மூன்றரை. கல்லூரியே நேரடியாக நிரப்புகிற மேனேஜ்மென்ட் கோட்டா, ஹாஸ்டல், கல்விக் கடன் மூன்றும் சேர்ந்தால் ஐந்துக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் சர்ட்டிஃபிகேட்டில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதே என்பதற்காக. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

நான் படித்தது கொங்குப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழக இணைப்பு. பெயர் வேண்டாம், அந்த ரகத்தில் தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எதைச் சொன்னாலும் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஐஐடி, கிண்டி, திருச்சி என்ஐடி மாதிரி இடங்களுக்கு இந்த ரிவ்யூ பொருந்தாது, அங்கே சீட் கிடைத்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் போய்ச் சேருங்கள்.

முதலில் விலை. 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்த கணக்குப்படி கவுன்சலிங்கில் வருகிறவருக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பிரிவென்றால் 55,000. அதுவே மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் 85,000, 87,000. இது அப்போது பேப்பரில் இருந்த விலை. இதற்கு மேல் பஸ் ஃபீஸ், மெஸ், யூனிஃபார்ம், பிளேஸ்மென்ட் ட்ரெயினிங், "டெவலப்மென்ட்", அப்புறம் ஐ.வி., அதாவது தொழிற்சாலையைப் பார்க்கப் போகிற இண்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் ஒரு டூர். எங்கள் ஐ.வி.யில் கேரளாவில் ஒரு தொழிற்சாலையை முக்கால் மணி நேரம் பார்த்தோம், மீதியெல்லாம் படகுச் சவாரி. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை இன்ஜினியரிங் செலவில் எழுதக் கூடாது. ரசீது இல்லாமல் கேட்கிற டொனேஷன் தனிக் கதை. 1992-லேயே அதைத் தடைசெய்து தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, கேட்கிறவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விலையைக் குறைக்கிற வழிகள் நிறைய இருந்தும் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் தாசில்தார் ஆபீசில் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் கல்விக் கட்டணத்தில் ஒரு நல்ல பகுதி குறையும். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 2021-லிருந்து இன்ஜினியரிங்குக்கும் உண்டு, அதில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. இது போக அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். இந்த வரிசையில் வருகிற பிள்ளைகள் யோசிக்கவே வேண்டாம், சேருங்கள். ஆனால் முதல் பட்டதாரி சலுகையும் 7.5-ம் கவுன்சலிங் வழியாகப் போனால்தான். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஒரு ஏஜென்ட் போன் செய்து "கவுன்சலிங்கெல்லாம் எதுக்கு சார், நேரா வாங்க, சீட் ரெடி" என்பார் பாருங்கள், அவர் பேச்சைக் கேட்டுப் போய் உட்கார்ந்தால் இந்தச் சலுகைகள் கையை விட்டுப் போய்விடும். கவுன்சலிங்கில் கடைசி ரவுண்டில்கூட காலியாகக் கிடக்கிற சீட்டைத்தான் அவர் அதிக விலைக்கு விற்கிறார் என்பது அப்பா அம்மாக்களுக்குத் தெரிவதே இல்லை.

சரி, காசு கொடுத்து என்ன வாங்குகிறோம்? படிப்பு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். நான் எழுதிய யுனிவர்சிட்டி பேப்பரில் இரண்டு மார்க் கேள்வி பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று, பாஸுக்கு 50. இதற்கு லோக்கல் ஆதர் புத்தகமும் பழைய கேள்வித்தாளும் போதும், தேர்வுக்கு முந்தின ராத்திரி டூ மார்க்ஸ் மனப்பாடம் செய்து, வரைபடம் இருக்கிற கேள்வியாகப் பார்த்து எழுதினால் தெர்மோடைனமிக்ஸ் என்றால் என்ன என்றே தெரியாமல் அதில் பாஸாகலாம், நிறையப் பேர் ஆனார்கள். லேப்பில் ஒரு லேத்தைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும், கையை வைப்பது ஒருவன், மற்றவர்கள் ரெக்கார்டுக்கு ரீடிங் காப்பி அடிப்பார்கள். ஃபைனல் இயர் புராஜெக்ட்டை எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கினார்கள், துறைத் தலைவரான ஹெச்ஓடிக்கும் தெரியும். ஆசிரியர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை, எம்.இ. முடித்து வேறு வேலை கிடைக்காமல் சொற்பச் சம்பளத்துக்கு நின்றவர்கள் அவர்கள், அட்மிஷன் சீசனில் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து வர வேண்டிய வேலையும் அவர்கள் தலையில்தான். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், ஒரே பேராசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை வெளியே கொண்டுவந்தது நினைவிருக்கலாம். எங்கள் செட்டில் யாருக்கும் அது செய்தியாகவே தெரியவில்லை.

அப்படியானால் மூன்றரை எதற்கு என்று கேட்பீர்கள். கம்பெனி வாசலுக்கு வாருங்கள். எங்கள் பிளான்டில் பி.இ. முடித்து வருகிறவன் ஜிஇடி (கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னி), டிப்ளமோ முடித்து வருகிறவன் டிஇடி (டிப்ளமோ இன்ஜினியர் ட்ரெய்னி). முதல் வருஷம் இரண்டு பேரும் அதே லைனில், அதே ரிஜெக்‌ஷனுக்கு அதே திட்டு வாங்குகிறார்கள். சொல்லப்போனால் டிப்ளமோ பையனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும், எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. ஆனால் சில வருஷம் கழித்து அசிஸ்டென்ட் மேனேஜர் லிஸ்ட் போடும்போது ஹெச்ஆர் பார்க்கிற முதல் கட்டம் படிப்பு. என்னைவிட நன்றாக வேலை தெரிந்த டிப்ளமோ அண்ணன் ஒருவர் அந்தக் கட்டத்திலேயே நிற்கிறார், அவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர்கள் அவருக்கு மேலே போய்விட்டார்கள். இது அநியாயம்தான், ஆனால் ரிவ்யூ எழுதும்போது இருப்பதைத்தான் எழுத முடியும். பேங்க் பி.ஓ., குரூப் 1, குரூப் 2 எதற்கும் ஒரு டிகிரி கேட்கிறார்கள், குரூப் 4 என்றால் பத்தாவதோடு எழுதலாம். ஐடி கம்பெனிகள் மொத்தமாக ஆள் எடுக்கும்போது மெக்கானிக்கலா சிவிலா என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை, பத்தாவது, ப்ளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், கையில் அரியர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆக நாம் வாங்குவது உள்ளே விடுகிற ஒரு கேட் பாஸ். கேட் பாஸுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, இது என் வகுப்புத் தோழிகள் சொன்னது. டிகிரி இல்லையென்றால் அந்த நான்கு வருஷத்தில் பாதிப் பேருக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். கல்லூரியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம், தனியாகச் சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு வீட்டில் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. இதற்கு எத்தனை ஸ்டார் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அவர்களைக் கேட்டால் ஐந்தும் போடுவார்கள்.

இப்போது அந்த ஒன்றரை ஸ்டார் கேஸ். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மேனேஜ்மென்ட் சீட், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1,75,000 என்று வைத்துக்கொள்வோம், நான்கு வருஷத்துக்கு 7 லட்சம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும் என்பதால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள். படிக்கும்போதும் முடித்து ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 10 சதவீதம் தனிவட்டி என்றாலும் தவணை ஆரம்பிக்கும் நாளில் வட்டி மட்டும் 2,45,000 ஏறி, கடன் 9,45,000 ஆகியிருக்கும். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 12,500. எங்கள் பக்கம் புதிதாகச் சேருகிற ஜிஇடி-க்குக் கையில் வருவது இருபதாயிரத்தைச் சுற்றித்தான். பி.எஃப்., ரூம் வாடகை, சாப்பாடு போக மீதி என்ன என்று நீங்களே போட்டுப் பாருங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற கால வட்டியை மத்திய அரசு ஏற்கிற திட்டம் ஒன்று உண்டு, ஆனால் விதிகளைப் பார்த்தால் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு அது வருமா என்பதை பேங்கிலேயே கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

இதே பொருள் வேறு கடையிலும் கிடைக்கிறது. பத்தாவது முடித்து மூன்று வருஷம் பாலிடெக்னிக், அப்புறம் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் மூன்று வருஷம், மொத்தம் ஆறு. ப்ளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு, அதுவும் ஆறுதான். அதே காலத்தில் ஒரு சர்ட்டிஃபிகேட் அதிகம், நடுவில் காசு தட்டுப்பாடு வந்தால் டிப்ளமோவோடு வேலைக்குப் போகலாம், அரசு பாலிடெக்னிக் என்றால் கட்டணமும் மிகக் குறைவு. நேரடி இரண்டாம் ஆண்டில் கணக்குப் பாடம் மூச்சுத் திணற வைக்கும், எங்கள் வகுப்பில் அப்படி வந்தவர்கள் அரியர் வைத்ததே அதில்தான், ஆனால் லேப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். வேலைக்குச் சேர்ந்த பிறகு கோயம்புத்தூர் மாதிரி ஊர்களில் பார்ட் டைம் பி.இ.யும் படிக்கலாம், ஷிப்ட் முடித்து சாயங்கால வகுப்பில் உட்கார உடம்பு வேண்டும். கம்ப்யூட்டர் பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஸோஹோ ஸ்கூல்ஸ் இருக்கிறது, ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து உதவித்தொகை கொடுத்தே கற்றுத்தருகிறார்கள், ஆனால் சீட் குறைவு, எல்லோருக்கும் கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

எப்படியும் தனியார் கல்லூரிதான் என்று முடிவாகிவிட்டால், சாய்ஸ் நிரப்புவதற்கு முன்னால் கல்லூரி வாரியான தேர்ச்சி சதவீதத்தைப் பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். ஒரு வேலை நாளில் நேரில் போங்கள், ரிசப்ஷனில் உட்கார வைத்து காபி கொடுப்பார்கள், குடித்துவிட்டு வெளியே டீக்கடைக்கு வந்து மூன்றாம் வருஷப் பையன்களிடம் லேப் எப்படி, போன வருஷம் எந்தெந்தக் கம்பெனி வந்தது, வந்ததில் எத்தனை கால் சென்டர் என்று கேளுங்கள். சேரும்போது ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டுகளைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலின் (ஏஐசிடிஇ) விதி. கொடுத்துவிட்டால் அடுத்த ரவுண்டில் நல்ல கல்லூரி கிடைத்தாலும் வெளியே வர அலைய வேண்டும், அதனால் ஜெராக்ஸ் கட்டு ஒன்று தயாராக எடுத்துக்கொண்டு போங்கள்.