பிபிடி குழந்தைகளுக்கான குழு கவனிப்பு: எங்கள் அனுபவம்

எங்கள் மகன் சிங்கப்பூரில் 26 வாரத்தில் பிறந்தான், எடை 830 கிராம். கர்ப்பக் கணக்கில் 36 வாரம் வந்தபோதும் ஆக்சிஜன் இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை, அதனால் பிபிடி என்றார்கள், குறைமாதப் பிள்ளைகளுக்கு வரும் நாட்பட்ட நுரையீரல் நோய். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை.

அதுவரை எனக்குத் தலை சுற்றியது. காலையில் வரும் டாக்டர் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, பாலைக் குறைப்போம் என்பார், மாலையில் வருபவர் எடை ஏறவில்லையே, கூட்டுவோம் என்பார், நான் எடுத்து வைத்த பாலோடு நடுவில் நிற்பேன். பிபிடி குழுவிடம் போன பிறகுதான் இது நின்றது. வாரம் ஒருமுறை பச்சிளங்குழந்தை மருத்துவர், நுரையீரல் மருத்துவர், சுவாச சிகிச்சையாளர், உணவியல் நிபுணர், பேச்சு சிகிச்சையாளர், தாதி எல்லாரும் ஒன்றாக வந்து, எங்கள் முன்னாலேயே பேசி ஒரு முடிவு எடுத்துவிட்டுத்தான் போவார்கள். (பேச்சே வராத பிள்ளைக்கு அவர் எதற்கு என்றார் அம்மா. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் இடிக்காமல் பால் குடிக்கப் பழக்குவது அவர் வேலை.) பால் தகராறு ஒரே நாளில் தீர்ந்தது: அளவைக் கூட்டாமல் தாய்ப்பாலிலேயே சத்துத் தூள் கலந்தார்கள். பிறந்த பிறகும் நுரையீரலில் புதுக் காற்றறைகள் உருவாகுமாம், அதற்கு உடம்பு வளர வேண்டும். ஆக்சிஜனையும் அவசரப்பட்டுக் குறைக்கவில்லை, ரத்தத்தில் அது அடிக்கடி இறங்கினால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி இதயத்தின் வலது பக்கம் சிரமப்படும் என்று எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சொதப்பியது வீட்டுக்கு அனுப்பும்போது. ஆக்சிஜன் மெஷின் பயிற்சி ஒரே மதியத்தில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். பகலில் பிள்ளையைப் பார்க்கப்போவதோ திருச்சியிலிருந்து வந்திருந்த என் அம்மா. கடைசியில் வேலை முடிந்து கிளம்பிய ஒரு தமிழ்த் தாதிதான் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, "அம்மா, குளிப்பாட்டிட்டு சாம்பிராணி போடாதீங்க, மெஷின் இருக்கிற அறையில விளக்கும் ஏத்தாதீங்க" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் இல்லையென்றால் அன்றைக்கு மாலையே புகை போட்டிருப்போம்!

பில் விஷயத்தில் மருத்துவச் சமூக ஊழியர் உதவினார், சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் குடியுரிமை உள்ள பிள்ளைக்குப் பிறந்த நாளிலிருந்தே உண்டு.

உங்கள் பிள்ளைக்கும் 36 வாரம் நெருங்குகிறதா? இப்படி ஒரு குழு இருக்கிறதா என்று வார்டில் நீங்களே கேளுங்கள். எங்களுக்குப் பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.