வன்னி வாசகருக்கு எந்த மின்வாசிப்பான்?

புத்தகம் என்றால் உயிரை விடுகிற ஒருவருக்கு மின்வாசிப்பான், அதாவது மின்நூல்களை வாசிக்கும் கருவி, வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள், கின்டிலா கோபோவா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ இருக்கும் தமிழ் வாசகருக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாகவே வர வேண்டும். அவர் வாசிக்க விரும்புபவை எழுத்துக் கோப்புகளா, ஸ்கான் செய்த பக்கப் படங்களா என்பதை முதலில் அறிய வேண்டும். 2008, 2009 இடப்பெயர்வுகளில் அலுமாரி நிறைந்த புத்தகங்களைக் கைவிட்டு வந்தவர்கள் இங்கே ஏராளம். அவர்கள் மறுபடி தேடுகிற ஈழத்துச் சிற்றிதழ்களும் மலர்களும் பழைய பதிப்புகளும், 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பெரும்பாலும் ஸ்கான் செய்த பிடிஎவ் கோப்புகளாகவே கிடைக்கின்றன.

ஸ்கான் பக்கம் ஒரு படம் என்பதால், எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரிகளை மடக்கிக்கொள்ள முடியாது. ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர் உயரமுள்ள வழமையான நாவல் பக்கத்தை ஆறு அங்குலக் கருவியில் திறந்தால், திரையின் உயரம் 12 சென்ரிமீற்றர் அளவே என்பதால், எழுத்து பாதியைவிடச் சற்றே பெரிதாக நிற்கும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பழைய சஞ்சிகையில் புள்ளி எது, அச்சு மைப் பொட்டு எது என்றே பிரித்தறிய முடியாது. கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரங்களை வெட்டி வாசிக்கலாம். ஆனால் அறுபதைக் கடந்த கண்களுக்கு அது நெடுநேர வாசிப்பாகாது. 10.3 அங்குலத் திரையிலோ அதே நாவல் பக்கம் கிட்டத்தட்ட அச்சு அளவிலேயே தெரியும்.

எழுத்துக் கோப்புகளை மட்டும் வாசிப்பவருக்கு ஆறு அல்லது ஏழு அங்குலமே தாராளம். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் சங்க இலக்கியங்களும், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தின் ஈபப் (epub) வடிவ மின்நூல்களும் அவருக்குப் பல வருடங்களுக்குப் போதும். இந்த இடத்தில்தான் கின்டிலையும் கோபோவையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பதில் பயன் உண்டு. கின்டில் கடையில் 2016 முதல் தமிழ் நூல்கள் விற்பனையாகின்றன. தமிழ் எழுத்துருவைத் தேடி ஏற்றும் வேலையும் அதில் இல்லை. ஆனால் ஈபப் கோப்பைக் கம்பி வழியே நேராக ஏற்றினால் கின்டில் அதைத் திறக்காது. அமேசன் கணக்கினூடாக இணையத்தில் அனுப்பியோ, கணினியில் காலிபர் மென்பொருளால் வடிவத்தை மாற்றியோதான் ஏற்ற வேண்டும். சிக்னல் சரியாகக் கிடைக்காத உட்கிராமத்தில் இருப்பவருக்கு இது சிறிய தொல்லையல்ல. கோபோவில் ஈபப்பைக் கணினியிலிருந்து நேரே பிரதி செய்துவிடலாம் என்பதால், ரவுணுக்குப் போகிற பிள்ளை ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை புத்தகங்களை நிரப்பிக் கொடுத்தாலே காரியம் முடிந்துவிடும். கோபோ வாங்கியதும் ‘fonts’ என்ற பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கி, நோட்டோ தமிழ் போன்ற எழுத்துருவை அதில் இட்டு, ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வருகிற பக்கம் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். கொம்பு இடம் மாறித் தெரிந்தால், காலிபர் மென்பொருளில் அந்த நூலைக் கோபோவின் சொந்த வடிவத்துக்கு மாற்றிப் பார்க்கலாம்.

டெப் கணினி வண்ணப் படங்களுக்கும் ஸ்கான் பக்கங்களுக்கும் வசதியானதுதான். ஆயினும் வன்னி வெயிலில் முற்றத்துக் கதிரையில் இருந்து வாசிக்க அது உதவாது. மின்வாசிப்பானின் திரையான மின்தாளில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னூட்டத்தால் நகர்ந்து எழுத்தாகி அப்படியே நிற்கின்றன. பக்கம் மாறும்போதும் முன்விளக்கு எரியும்போதுமே பெரும்பாலும் மின் செலவாவதால் பற்றரி வாரக்கணக்கில் தாங்கும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதிருந்ததை அனுபவித்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

ஆகவே ஈழத்துப் பழைய இதழ்களையும் பதிப்புகளையும் தேடி வாசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் போன்ற ஒருவருக்கு, காசு கூடினாலும் 10.3 அங்குல ஒனிக்ஸ் பூக்ஸ் மின்வாசிப்பானையே நான் சொல்வேன். அது அன்ட்ரொயிட்டில் இயங்குவதால் தமிழும் பிடிஎவ்வும் சிக்கலின்றித் திறக்கும். ஓரம் வெட்டவும், மங்கிய அச்சைக் கறுப்பாக்கவும் அதில் வழி உண்டு. குறை அதன் பாரம்: ஆறு அங்குலக் கின்டில் 158 கிராம் என்றால் பூக்ஸ் கோ 10.3 ஏறத்தாழ 375 கிராம். படுத்திருந்து ஒரு கையில் பிடித்து வாசிக்கிற பழக்கமுள்ளவர் அதை விரும்பமாட்டார். நாவல் மட்டும் வாசிப்பவராயின் ஆறு அங்குலக் கோபோ கிளாராவே போதும். மிச்சப்படும் காசில் நல்ல உறை ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள், ஏனென்றால் இங்கே திரை உடைந்தால் மாற்றித் தர ஆளைத் தேடுவது மிகவும் சிரமம்.