கான் அகாடமி எஸ்.பி.எம். அறிவியலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் டியூஷன் மையங்களின் பலகைகளைப் பார்த்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் நான்கும் ஒரே வரியில் நிற்கும். நான்குக்கும் மாதாமாதம் பணம் கட்டுவது எல்லா வீட்டுக்கும் முடிகிற காரியமில்லை. ஒரு பாடத்துக்கு மட்டும் டியூஷன், மற்றதற்குக் கான் அகாடமி என்ற இணையப் பாடத் தளம் என்று கணக்குப் போடும் பெற்றோருக்காக இந்த மதிப்பீடு. பணம் கட்ட வேண்டாம், விளம்பரம் வராது, கூகுள் கணக்கு ஒன்று இருந்தால் உள்ளே போய்விடலாம். எஸ்.பி.எம். என்பது மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு. அதற்கான படிவம் 4, 5 பாடத்திட்டத்தோடு கான் அகாடமி எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதிய பாடங்கள் அவை. 'ஹை ஸ்கூல்' என்ற தலைப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனியே கிடைக்கின்றன. காணொலி, வாசிப்பு, பயிற்சி, அலகுத் தேர்வு என்று ஒவ்வொன்றும் நகரும். ஒரு பயிற்சியில் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னால் 'புரோஃபிஷியண்ட்', அதற்கு 80 புள்ளி. 70 விழுக்காட்டை எட்டினால் 'ஃபமிலியர்', 50 புள்ளி. 100 புள்ளிக்குரிய 'மாஸ்டர்ட்' நிலையை அலகுத் தேர்வு போன்ற கலப்புத் தேர்வுகளில்தான் பெற முடியும். குறிப்பைத் திறந்து பார்த்துவிட்டால் அந்தக் கேள்வி தவறாகவே கணக்கில் சேரும். இது நல்ல ஏற்பாடு. காணொலியை மட்டும் வரிசையாக ஓடவிட்டு "படிச்சிட்டேன்" என்று சொல்லும் பிள்ளையின் பயிற்சிக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். அப்பா அம்மா ஒரு பார்வையில் கண்டுகொள்ளலாம்.

இயற்பியலில் விசையும் இயக்கமும், அலைகள், மின்சாரம் ஆகிய மூன்று பகுதிகளும் சிறப்பாக அமைந்திருக்கின்றன. ஒரு பொருளின்மேல் எந்தெந்த விசை எந்தத் திசையில் இயங்குகிறது என்று படம் வரைந்து பிரித்துக் காட்டும் பகுதியை, படிவம் 5-இன் முதல் அத்தியாயமான விசையும் இயக்கமும் 2-க்குள் நுழையும் முன் ஒவ்வொரு மாணவரும் செய்து முடிக்க வேண்டும். சாய்தளக் கணக்கில் பிள்ளைகள் சறுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் படத்தை வரையாமல் நேரே சூத்திரத்துக்குத் தாவுவதுதான். அழுத்தம் என்ற அத்தியாயத்துக்கு வேண்டிய பாஸ்கல், ஆர்க்கிமிடீஸ், பெர்னூலி விளக்கங்களுக்குத் திரவங்கள் பற்றிய காணொலிகளைத் தனியே தேடி எடுக்க வேண்டும். டிரான்சிஸ்டருக்குப் பாடநூலையே நம்புவது நல்லது.

குறியீடுகளில் கவனம் தேவை. நம் பாடநூலில் தொடக்க வேகம் 'யு', இடப்பெயர்ச்சி 'எஸ்'. கான் அகாடமியில் தொடக்க வேகம் 'வி' எழுத்தின் காலடியில் சுழியம் போட்டு வரும். இடப்பெயர்ச்சி 'டெல்டா எக்ஸ்'. புவியீர்ப்பு முடுக்கத்தை அங்கே 9.8 என்பார்கள், நாம் 9.81 என்கிறோம். 2 கிலோகிராம் பொருளின் எடை அங்கே 19.6 நியூட்டன், இங்கே 19.62 நியூட்டன். சின்ன வேறுபாடுதான். ஆனாலும் எந்த எண்ணைப் போடுவது என்று தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. முதல் நாளே நோட்டின் உள்ளட்டையில் இரண்டு வரிசைகளையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேதியியலுக்கு வந்தால் வேறுபாடு பெரிதாகிறது. மோல் கருத்துரு மிகத் தெளிவாக இருக்கிறது. படிவம் 4-இன் மூன்றாம் அத்தியாயத்தில் முட்டி நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல இலவச விளக்கம் கிடைப்பது கடினம். வாயுக்களின் மோலார் கனஅளவில்தான் சிக்கல். அமெரிக்கப் பாடங்களில் திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர் என்று வரும். நம் புதிய பாடத்திட்டத்தில் அது 22.7 கன டெசிமீட்டர், அறை நிலையில் 24 கன டெசிமீட்டர். இரண்டு எண்ணும் சரியானவைதான். அழுத்தத்தை ஒரு வளிமண்டலம் என்று கொண்டால் 22.4, அதைவிடச் சற்றுக் குறைவான ஒரு பார் என்று கொண்டால் 22.7. அரை மோல் கார்பன் டைஆக்சைடுக்கு அங்கே 11.2, இங்கே 11.35. லிட்டரும் கன டெசிமீட்டரும் ஒரே அளவு என்பதையும் பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அலகு மாற்றுவதாக நினைத்து ஆயிரத்தால் பெருக்கிவிடுவார்கள்.

ஆறாம் அத்தியாயமான அமிலம், காரம், உப்பு பகுதிக்குக் கான் அகாடமியை நம்பி இருக்காதீர்கள். உப்புத் தயாரிப்பும் அயனிச் சோதனையும் எஸ்.பி.எம். கேட்கும் முறையில் அங்கே இல்லை. செம்பு சல்பேட் தயாரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சூடான கந்தக அமிலத்தில் செம்பு ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். தூள் கரையாமல் மிஞ்சும்வரை போட வேண்டும், அமிலம் மிச்சமில்லாமல் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வடிகட்டி, நீலக் கரைசலைச் செறிவாகும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, படிகங்களை வடிகட்டித் தாளுக்கிடையே ஒற்றி உலர்த்த வேண்டும். முழுக்க வற்றவிட்டால் படிக நீர் போய் நீலம் வெளிறிவிடும். இந்த 'ஏன்'களுக்குத்தான் மதிப்பெண். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளுக்கு இந்த வழி ஆகாது, தரம்பார்த்தல் (டைட்ரேஷன்)தான்.

அயனிச் சோதனையும் அப்படித்தான். துத்தநாகம், அலுமினியம், ஈயம் மூன்றுமே சோடியம் ஹைட்ராக்சைடில் வெள்ளை வீழ்படிவு தரும், மிகுதியாக ஊற்றினால் கரையும். அம்மோனியாவில் துத்தநாக வீழ்படிவு மட்டும் மிகுதியில் கரைந்துவிடும். மிச்சமிருக்கும் இரண்டையும் பொட்டாசியம் அயோடைடு பிரித்துவிடும். மஞ்சள் வந்தால் ஈயம். விடைத்தாளில் வெள்ளை 'மெண்டாக்கான்' (வீழ்படிவு) என்று மலாயில் எழுதி நிறுத்தினால் பாதிப் பதில்தான். மிகுதியில் கரைகிறதா, 'லாருட் டாலாம் பெர்லெபிஹான்' என்ற சொற்றொடரும் சேர வேண்டும். காணொலி எத்தனை பார்த்தாலும் இந்த எழுத்துப் பழக்கம் வராது. கான் அகாடமியின் பயிற்சிகள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் கேள்விகளும் எண் விடைகளும்தான், எஸ்.பி.எம். இரண்டாம் தாளோ 100 மதிப்பெண்ணுக்கு எழுதச் சொல்கிறது.

செய்முறைக்குத் துணையாகக் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' பாவனையாக்கங்களை, அதாவது திரையிலேயே செய்துபார்க்கும் சோதனைகளை, சேர்த்துக்கொள்வது நல்லது. இவையும் இலவசம், கைப்பேசி உலாவியிலேயே திறக்கும். மின்கலத்தின் அகத்தடைக்கு நேர்மின்சுற்றுப் பெட்டியைத் திறந்து, 'அட்வான்ஸ்ட்' பகுதியில் மின்கலத் தடையை 2 ஓம் என்று வையுங்கள். 9 வோல்ட் மின்கலத்தோடு 16 ஓம் தடையை இணைத்தால் 0.5 ஆம்பியர், மின்கல முனைகளுக்கிடையே 8 வோல்ட். 7 ஓம் என்றால் 1 ஆம்பியர், 7 வோல்ட். 4 ஓம் என்றால் 1.5 ஆம்பியர், 6 வோல்ட். மூன்று புள்ளிகளையும் வரைபடத்தில் குறித்துக் கோடு இழுத்தால் அது வோல்ட் அச்சை 9-இல் வெட்டும், சரிவு மைனஸ் 2. மின்னியக்கு விசையும் அகத்தடையும் அந்தக் கோட்டிலேயே கையில் கிடைத்துவிடும். உண்மையான ஆய்வுக்கூடத்தில் புள்ளிகள் இவ்வளவு ஒழுங்காக உட்காராது. சுவிட்சை நீண்ட நேரம் போட்டே வைத்தால் மின்கலம் இறங்கி, பின்னால் எடுக்கும் அளவுகள் கீழே சரியும். அளவெடுக்கும் நேரம் மட்டும் மூட வேண்டும். அம்மீட்டரில் முள்ளும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றாகும்படி பார்த்து எண்ணைப் படிக்க வேண்டும். இவற்றைத் திரை கற்றுத்தராது. பள்ளி ஆய்வுக்கூட நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

உயிரியலில் செல், டி.என்.ஏ., மரபு ஆகியவற்றுக்குக் கான் அகாடமி தாராளமாகப் போதும். படிவம் 5-இன் முதல் ஏழு அத்தியாயங்களும் தாவரங்களைப் பற்றியவை. அங்கே அது மெலிந்துவிடுகிறது. சதுப்புநிலத் தாவரங்களின் தகவமைப்பைப் படிக்க ஒரு சனிக்கிழமை கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் போய், சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டி நிற்கும் மூச்சு வேர்களைப் பார்த்து வந்தால் அந்தப் பகுதி மறக்கவே மறக்காது.

மொழி விஷயத்தில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி, கருதுகோள் எல்லாம் அவர்கள் தொடக்கப்பள்ளியிலேயே தமிழில் செய்தவை. எஸ்.பி.எம். செய்முறை கேட்பதும் அதே திறன்கள்தான், பெயர் மட்டும் வேறு. வினாத்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது, கான் அகாடமியைப் படிப்பதோ ஆங்கிலத்தில். ஆகவே ஒவ்வொரு அலகிலும் பத்துப் பன்னிரண்டு சொற்களை மூன்று மொழியிலும் எழுதிக்கொள்ள வேண்டும். பொருண்மை 'ஜிசிம்', எடை 'பெராட்'. வெப்பம் 'ஹாபா', வெப்பநிலை 'சுஹு'. வீட்டுப் பேச்சில் கிலோகிராமையும் எடை என்றே சொல்லிப் பழகியதால் முதல் இணையில்தான் அதிகம் குழம்புவார்கள்.

ஒரு பாடத்துக்கு மட்டும்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் வேதியியலுக்குக் கட்டுங்கள். சேரும் முன் அந்த மையத்தில் ஒன்றைக் கேளுங்கள்: பிள்ளை எழுதிய விடையை ஆசிரியர் வாரம் ஒருமுறையாவது திருத்தித் தருவாரா? இல்லை, நகலெடுத்த குறிப்பும் விடைப்பட்டியலும் மட்டுந்தான் என்றால் அடுத்த மையத்தைப் பாருங்கள்.